கருணைத் தொகை அல்ல, கடன்

மலத்தொட்டிக்குள் இறங்கியவன் செத்துப்போனால் அவன் வீட்டாரிடம் முதலில் வந்து நிற்பது யார்? கலெக்டரா? வக்கீலா? கான்ட்ராக்டரின் ஆள். பிணம் மார்ச்சுவரிக்குள் கிடக்கும்போதே வாசலில் பேரம் தொடங்கிவிடுகிறது. "நடந்தது நடந்துபோச்சும்மா. கேசு, கோர்ட்டுன்னு போனா வருசக்கணக்கா இழுக்கும். இத வாங்கிக்க, புள்ளைங்கள பாரு." ஒரு வெள்ளைத்தாள், ஒரு கைநாட்டு. பக்கத்தில் நின்று "ஆமாம்மா, போடு" என்கிறவன் பல சமயம் நம்ம சேரிக்காரன்தான். தோளில் கட்சித் துண்டு.

இதை நான் இரண்டாவது கொலை என்கிறேன்.

காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில். அப்படித்தான் எழுதுவார்கள். 2019இல் அத்தி வரதர் 48 நாள் வெளியே இருந்தார். கோடிப் பேர் வந்து கும்பிட்டுப் போனார்கள். வந்தவர்கள் கழித்துவிட்டுப் போனதை வாரியது யார் கை என்று எந்தத் தலபுராணமும் பேசாது. இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கட்ரம்பாக்கத்தில், 2022 அக்டோபரில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டி மூன்று பேரை விழுங்கியது. 1993 தொடங்கிக் கணக்கெடுத்து ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த சாவுப் பட்டியல்களில் தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம். சமூகநீதி மண்ணாம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் நடத்திய வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக ஊனமானால் 20 லட்சம். அதற்குக் குறைந்த ஊனம் என்றாலும் 10 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. இந்தக் கணக்கு மார்ச்சுவரி வாசலில் நிற்கும் கான்ட்ராக்டரின் ஆளுக்குத் தெரியும். புருசனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவளுக்கு மட்டும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் பேரம் படிகிறது.

இந்தத் தீர்ப்பின் அருமை எங்கே இருக்கிறது? செத்தவனின் கூலி என்னவென்று அது கேட்கவில்லை. சாலை விபத்து வழக்கைப் பாருங்கள். 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானத்தில் செத்தவனின் சொந்தச் செலவைக் கழித்து, மீதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். 31 முதல் 35 வயது என்றால் 16. சரி, வருமானம் என்ன? குப்பை வண்டி இழுக்கிறவனுக்கும், சாயப்பட்டறையில் கூலிக்கு நிற்கிறவனுக்கும் எவன் சம்பளச் சீட்டு கொடுத்தான்? உத்தேசமாக ஒரு தொகை போடுகிறார்கள். சாதி நிர்ணயித்த கூலியைப் பதினாறால் பெருக்கினால் வருவது நீதியா? பதினாறு மடங்கு சாதி!

அரசாங்கத்தின் சொற்களையும் சும்மா விடக்கூடாது. 2023 மார்ச் 22 அன்று காஞ்சிபுரத்தை ஒட்டிய குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளிகள் கருகினார்கள். முதலமைச்சர் குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தார். அது நிவாரணம். முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு. ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடாது. நம் சனம் இரண்டும் ஒன்றென்று நினைத்துக் கும்பிடு போட்டுவிட்டு வருகிறது. கருணைத் தொகை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உயிரைப் பறித்தவன் தருவது கருணை அல்ல, கடன்.

அந்த வெள்ளைத்தாளுக்கு என்ன மதிப்பு? வேலையில் செத்தவனின் குடும்பத்துக்கு முதலாளி நேராகக் கையில் கொடுக்கும் பணம், சிறு முன்பணம் தவிர, இழப்பீடாகவே கணக்கில் வராது. அதற்குரிய அதிகாரியிடம்தான் கட்டவேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதும் இதுதான், 2025 நவம்பர் 21இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்வதும் இதுதான். நூறு வருசமாக இருக்கிற விதியை நம் தெருவில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

வக்கீலிடம் போகலாம் என்றால் அங்கே வேறு கதை. "செலவு நான் பாத்துக்கறேன், வர்றதுல பங்கு குடு" என்று எழுதாத வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிற ஆட்கள் உண்டு. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், வருகிற தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதியே தடுத்திருக்கிறது. செத்தவனின் பிள்ளைகள் சோற்றில் பங்கு கேட்கிறவனுக்குக் கறுப்புக் கோட்டு எதற்கு?

1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவு: தாழ்த்தப்பட்டவருக்கும் பழங்குடிக்கும் பெண்ணுக்கும் வருமான வரம்பே இல்லாமல் அரசு செலவில் வக்கீல். இது பிச்சை அல்ல, உரிமை. ஆனால் அந்த வக்கீல் எங்கே இருக்கிறார்? கோர்ட்டு வளாகத்தில், விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கிறார். கான்ட்ராக்டர் மார்ச்சுவரிக்கே வருகிறான். சாவுச் சேதி போலீசுக்குப் போகும்போதே ஆணைக்குழுவுக்கும் போகவேண்டும், பேரக்காரனுக்கு முன்னால் அரசு வக்கீல் அங்கே நிற்கவேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று. மறியல் பண்ணுகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். அன்றைக்கு எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போட்டான் என்று பார்த்தோமா? வெறும் கவனக்குறைவு என்று எழுதி முடித்தானா, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வன்கொடுமைச் சட்டத்தையும் சேர்த்தானா? போஸ்ட்மார்ட்டம் அறிக்கை யாரிடம் இருக்கிறது? பிணத்தை வாங்க மறுத்து உட்காரத் தெரிந்த நமக்கு, பிணம் எரிந்த மறுநாள் மனு எழுதத் தெரியவேண்டாமா?

ஊர் ஊருக்கு அம்பேத்கரைக் கோட்டோடும் புத்தகத்தோடும் நிறுத்தியிருக்கிறோம். அவர் வக்கீல். புத்தகம் சட்டப் புத்தகம். ஏப்ரல் 14க்கு மாலை போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு சேரியிலும் ஒருத்தராவது அந்தப் புத்தகத்தைத் திறந்து படிக்கவேண்டும். வெள்ளைத்தாளை நீட்டுகிறவனிடம், "கையெழுத்து கெடையாது. கோர்ட்டுல வந்து கடனக் கட்டு" என்று சொல்லவேண்டும்.