மூடிய வீடும் மகளின் பங்கும்

நம்மவர் குடும்பத்தில் தாயோ தந்தையோ காலமானால், பதினாறு நாள் வரையில் அழுகைக்கும் சடங்குக்கும் குறைவிருப்பதில்லை. பதினேழாம் நாள் வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறதென்று பார்த்தால், நமது சமூகத்தின் யோக்கியதை முழுவதும் விளங்கிவிடும். சாவி மகன் கையில் இருக்கும். தாய்க்குக் கஞ்சி ஊட்டி, படுக்கை மாற்றி, மருத்துவமனைக்கு அலைந்த மகள் கையில், “நினைவுக்கு இருக்கட்டும்” என்று பழம் புடவை ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். ஜோகூர்த் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்குச் சிங்கையில் உற்றார் பலர் உண்டு. இதை எந்த ஒரு குடும்பத்தின்மீதும் குறையாக நாம் எழுதவில்லை. தோ பாயோவின் அடுக்குமாடிகளில் பல வீடுகளில் கண்டதையே எழுதுகின்றோம்.

‘தோ’ என்றால் ஹொக்கியன் பேச்சில் பெரிது. ‘பாயா’ என்றால் மலாயில் சதுப்பு. 1960ஆம் ஆண்டில் ஏற்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்பெருஞ்சதுப்பை மேடாக்கி நகரமாக்கிற்று. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்கலாமென்றாயிற்று. நம் பாட்டன்மார் லயத்தில் இறந்தபோது பங்கிடுவதற்கு ஒரு தகரப் பெட்டிக்கு மேல் இருந்ததில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் 99 ஆண்டுக் குத்தகையில் வீட்டுக்காரர்களானார்கள். சொத்து வந்தது நல்லதே. ஆனால் சொத்தில்லாத காலத்தில் தூங்கிக்கிடந்த அக்கிரமமும் அதனுடன் கூடவே விழித்துக்கொண்டது.

சட்டம் என்ன சொல்லுகிறது? சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டின் உயிலில்லாச் சொத்துரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ சேரும். மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். துணை இல்லாவிடில் முழுவதும் பிள்ளைகளுக்கே. முன்னதாக இறந்த பிள்ளையின் பங்கு அப்பிள்ளையின் மக்களைச் சாரும். மகன், மகள் என்ற பேதம் அதில் ஓரிடத்திலும் கிடையாது. இசுலாமியர்க்கு வேறு சட்டமாதலால் அதை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டிலோ, பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு 1929இல் தீர்மானித்தது. பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை 1989இல்தான் அங்கே சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005இல்தான் வந்தது. அறுபதும் எழுபதும் ஆண்டுகள் போராடிப் பெறவேண்டியிருந்த நியாயத்திற்கு ஒப்பானது சிங்கைத் தமிழ்ப் பெண்ணுக்குச் சட்டப் புத்தகத்தில் முன்னமே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அவள் கைக்கு மட்டும் அது வந்து சேருவதில்லை.

ஏன் வருவதில்லை? ஒரு கையெழுத்தினால் வருவதில்லை. உயிலில்லாமல் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவர் நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் பெறவேண்டும். பிள்ளைகள் பலராயின், ஒருவர் முன்வர, மற்றவர்கள் தங்கள் நிர்வாக உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவதுண்டு. அக்கையெழுத்து நிர்வகிக்கும் வேலையை விடுவதேயன்றிப் பங்கை விடுவதன்று. நிர்வாகியாகிறவன் சொத்துக்கு உடையவனும் அல்லன். கடன்களைத் தீர்த்து, மிச்சத்தை உரியவர்களுக்குக் கணக்குடன் ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? ஆங்கிலப் பாடசாலையில் படித்த தம்பி காகிதத்தைக் கொண்டுவருகிறான். “அக்கா, இங்கே ஒரு கையெழுத்து” என்கிறான். அவளும் இடுகிறாள். அன்றோடு தன் பாத்தியம் தீர்ந்ததென்று அவள் நம்புகிறாள். அப்படி நம்பட்டுமென்று அவனும் விட்டுவிடுகிறான். நம்மைப்போன்ற ஆங்கிலம் படித்தவர்களைக் கேட்கின்றோம்: பெற்றோர் பட்டினி கிடந்து நமக்குக் கொடுத்த எழுத்து, உடன்பிறந்தவளை ஏமாற்றும் கருவியாவதா? தோட்டத்தில் வேலை செய்தவளின் நாளைச் செக்ரோலில் வேறொருவன் பெயருக்கு எழுதும் கிராணியைத் திருடன் என்கிறோம். அக்காளின் பங்கைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும் தம்பிக்கு மட்டும் ‘குடும்பத் தலைவன்’ என்ற பட்டமோ?

இதற்குச் சொல்லும் சாக்குகளைச் சற்று ஆராய்வோம். “கல்யாணத்தில் நகை போட்டாயிற்று” என்கிறார்கள். நல்லது, மகனுக்குக் கட்டிய படிப்புச் செலவையும், அவன் கல்யாண விருந்தையும் அதே ஏட்டில் எழுதட்டும். பற்றை மட்டும் எழுதி வரவை மறைப்பது கணக்காகாது. “கொள்ளி வைப்பவன் மகனல்லவா?” என்கிறார்கள். மண்டாய் எரியகத்தில் பெட்டியை உலைக்குள் கொண்டுசேர்ப்பது இயந்திரம். கொள்ளிக்குத்தான் சொத்தென்றால் அந்த இயந்திரமே முதல் வாரிசு! “வீட்டை எப்படித் துண்டாக்குவது?” என்பது மூன்றாவது. ஒருவர் இரண்டு கழக வீடுகளை வைத்துக்கொள்ளக் கூடாதென்பது விதி. சொந்தக் கழக வீடுள்ள மகன் தாயின் வீட்டை எடுத்துக்கொண்டால் இரண்டில் ஒன்றை விட்டாகவேண்டும். ஆகவே பல குடும்பங்களில் அவ்வீடு விற்கப்பட்டு வெள்ளியாகிறது. சுவரைப் பிளக்க முடியாதிருக்கலாம். வெள்ளியைப் பங்கிட முடியாதா?

கடைசியாக வருவதுதான் மிகக் கொடியது: “பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும்.” தன் உரிமையைக் கேட்ட அன்றே அடைபடும் வாசல், கேளாதிருந்த நாட்களில் மட்டும் அன்பினால் திறந்திருந்ததா? அவள் விட்டுக்கொடுக்கிற வரையில் உறவு, கேட்டால் பகை என்பது பாசமன்று, வியாபாரம். அவளாக மனமுவந்து, தன் பங்கு இன்னதென்று அறிந்து, விட்டுக்கொடுப்பாளாயின் நமக்கு ஆட்சேபமில்லை. அறியாமல் விட்டதற்குத் தியாகம் என்று பெயரிடுவதையே நாம் கண்டிக்கிறோம்.

நிற்க. பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். உயிலைப்பற்றிப் பேசினாலே அபசகுனம் என்று வாயை மூடுகிறீர்கள். பேசாததால் சாவு வராமலிருந்ததுண்டா? 21 வயது நிரம்பிய எவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உயில் எழுதலாம். பங்கு பெறுபவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சியாக நிற்காதிருக்க வேண்டும், நின்றால் அப்பங்கு செல்லாது. ஆனால் உயில் மட்டும் போதாது. வீடு கூட்டுரிமையில் மகன் பெயரையும் சேர்த்திருந்தால், உயிலில் எதை எழுதினும் வீடு முழுவதும் அவனையே சேரும். சேமநிதிப் பணமும் உயிலுக்குக் கட்டுப்படாது. அதற்கு உரியவர்களைத் தனியே நியமிக்கவேண்டும், நியமிக்காவிடில் அது பொது அறங்காவலரிடம் போய்ச் சட்டப்படி பங்கிடப்படும். ஆகவே “பெயருக்குச் சேர்த்துக்கொள்கிறேன், அம்மா” என்று மகன் காகிதம் நீட்டும்போது, தாய்மார்களே, எந்தப் பெயருக்கு, எந்த உரிமையில் என்று கேளுங்கள். மகளையும் அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சகோதரிகளே! துக்க வீட்டில் நீட்டப்படும் எந்தக் காகிதத்திலும் அன்றே கையெழுத்திடாதீர்கள். வாங்கி வாருங்கள், படிக்கத் தெரிந்த அயலார் ஒருவரிடம் காட்டுங்கள், நிர்வாகியிடம் கணக்குக் கேளுங்கள். கேட்பது அவமானமன்று, கேட்கும்படி வைத்தவர்களுக்கே அவமானம். தோ பாயோவின் சதுப்பை அரசாங்கம் தூர்த்துவிட்டது. நம் மனத்தில் கிடக்கும் சதுப்பைத் தூர்க்க எந்தக் கழகமும் வரப்போவதில்லை. அதை நாமே செய்யவேண்டும். அடுத்த சாவுக்குமுன் செய்யவேண்டும்.