மைதானம் யாரோ போடுற பிச்சை இல்லை!



மாநகராட்சித் தேர்தல்னா ரோடு, சாக்கடை, குடிதண்ணீர் பற்றிக் கேட்கிறோம். கேட்கத்தான் வேணும். "எங்க பசங்க எங்க விளையாடுறது? பறையும் சிலம்பமும் எங்க பழகுறது?"னு என்னைக்காவது கேட்டிருக்கோமா?

காசு மிச்சம் இருந்தா செய்யுற வேலைன்னு இதை நினைச்சுட்டோம். 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், உள்ளாட்சிக்கான 18 பணிகளைப் பட்டியல் போட்டிருக்கு. அதில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் உண்டு, பண்பாட்டு வளர்ச்சியும் உண்டு.

நம்ம அஸ்தம்பட்டிக்குப் பக்கத்திலேயே காந்தி ஸ்டேடியம் இருக்கு. பெரிய போட்டிக்கு அது சரி. ஆனா ஸ்கூல் விட்டு வர்ற பத்து வயசுப் பொண்ணு, டிராஃபிக்கைத் தாண்டி தினமும் அங்க போக முடியுமா? அவளுக்கு வேண்டியது வீட்டுப் பக்கத்தில் ஒரு திடல்.

"இடம் எங்கப்பா இருக்கு?"னு கேட்பாங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரிச்சா, ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கணும். நாம 'ரிசர்வ் சைட்'னு சொல்றது இதைத்தான். நம்ம வார்டில் அப்படி எத்தனை இடம், அதில் இன்னைக்கு என்ன இருக்கு? இந்தக் கணக்கு மக்கள் கைக்கு வரணும்.

இடம் இருந்தா மட்டும் போதாது. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, 9 கால்பந்துத் திடல்களைத் தனியாருக்கு விட்டு, ஒருத்தருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டது. கேட்டதால்தான் திடல் மிஞ்சியது.

பண்பாட்டுக்கும் இதே கதைதான். 1935-ல் தொடங்கின மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் நம்மது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இங்கிருந்துதான் 1956-ல் வந்தது. ஏற்காடு ரோட்டில் இன்னைக்கு நிற்கிறது அந்த நுழைவாயில் வளைவு. அந்த ஊர்ப் பிள்ளைங்க நாடகம் ஒத்திகை பார்க்கக் கல்யாண மண்டப வாடகையா கொடுக்கணும்?

ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், நம்ம வேட்பாளரே வந்தாலும், மூணு கேள்வி கேளுங்க:

🔴 வார்டின் ரிசர்வ் சைட் பட்டியலை வெளியிடுவீங்களா?
🔴 திடலில் கட்டணம் இல்லைன்னு எழுதித் தருவீங்களா?
🔴 சமுதாயக் கூடத்தை ஒத்திகைக்கு இலவசமா திறப்பீங்களா?

2011-க்குப் பிறகு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு 2022 வரை காத்திருந்தோம். கிடைக்கிற வாய்ப்பைக் கைகுலுக்கலோடு முடிச்சிடாதீங்க. கேளுங்க, பதிலை எழுதி வாங்குங்க!

#அஸ்தம்பட்டி #நம்மவார்டு_நம்மதிடல்