கெட்டி பிளேடு என்னும் மயக்கம்

பிளாஸ்டிக் ஷீட்டை வெட்ட டை (பிளேடை வேண்டிய வடிவத்துக்கு வளைத்துப் பதித்த அச்சு) அடிக்கக் கொடுப்பவர்கள் பலரும் டைக்காரரிடம் சொல்வது ஒன்றுதான்: "நல்ல கெட்டியான பிளேடாப் போட்டுடுங்க." பிளேடு எவ்வளவு கடினமோ, வெட்டு அவ்வளவு சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. இது தவறு. ஷீட்டும் காசும் சேர்ந்து வீணாவதற்கு இதுவே பெரிய காரணம்.

முனை எத்தனை நாள் மழுங்காமல் தாங்கும் என்பதற்குத்தான் கடினம் பதில் சொல்லும். வெட்டு எப்படி விழும் என்பது முனையின் சரிவைப் பொறுத்தது. கணக்கைப் பாருங்கள். வழக்கமான 2 பாயின்ட் பிளேடின் கனம் 0.71 மி.மீ. இருபக்கமும் சரிந்த அதன் முனைக்கோணம் 54 பாகை என்றால், சரிவின் உயரம் 0.7 மி.மீ.தான். 1 மி.மீ. பி.பி. (பாலிபுரொப்பிலீன்) ஷீட்டின் அடியைத் தொடுவதற்குள் பிளேடின் முழுக் கனமும் உள்ளே புகுந்துவிடுகிறது. அந்த இடத்திலிருந்த பிளாஸ்டிக் எங்கே போகும்? பக்கவாட்டில் பிதுங்கும், ஓரம் மேடு தட்டி வெளுக்கும். அக்ரிலிக் போல நொறுங்கும் ரகமானால் விரிசலே விடும். அதே பிளேடின் கோணம் 30 பாகையானால் சரிவு 1.3 மி.மீ.க்கு நீளும், பிதுக்கம் குறையும். ஒருபக்கம் மட்டும் சரிந்த பிளேடை வாங்கி, அதன் நேர்ப்பக்கத்தைப் பொருளை நோக்கி வைத்தால் பிதுக்கம் பெரும்பாலும் கழிவுக்குப் போய்விடும். கடினத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்த வேலை நடக்காது.

பெட் (PET) பிளாஸ்டிக் ஷீட்டின் குணம் வேறு. அட்டையில் பிளேடு முழுதும் இறங்குமுன்பே மிச்ச நார் பிய்ந்துகொள்ளும். பெட் அப்படி விடாது. அடிவரை வெட்டுப்பட்டே ஆக வேண்டும். முனை சற்று மழுங்கினாலும், ஓரிடத்தில் பிளேடு தாழ்ந்து நின்றாலும், தலைமுடி போல மெல்லிய இழைகள் ஓரத்தில் தொங்கும். தாழ்ந்த இடத்தில் மட்டும் டைக்குப் பின்னால் மெல்லிய காகிதம் ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். நாம் செய்வதோ, மொத்த அழுத்தத்தையும் கூட்டுவது. முனை கீழ்த்தகட்டில் மோதி மடிகிறது. இழை இன்னும் பெருகுகிறது. பழி பிளேடின் தலையில் விழுகிறது. அடுத்த முறை இன்னும் கெட்டியானதைத் தேடுகிறோம். அந்த ஷீட்டில் செய்த பெட்டியில் இனிப்பு வைத்தால், உதிர்ந்த இழை ஒரு குழந்தையின் வாய்க்குள் போகலாம். ஓரம் அழகாக இல்லை என்ற குறையோடு முடிகிற விஷயமில்லை இது.

கண்ணாடி இழை கலந்த ஷீட்டுக்கும், லட்சக்கணக்கில் ஓடும் வேலைக்கும் கடின முனை தேவைதான். அதற்கென்றே முனையை மட்டும் கடினப்படுத்தி, உடலை வளையும்படி விட்ட பிளேடு கிடைக்கிறது. உடலும் கெட்டியானால், சின்ன வளைவில் வளைக்கும்போதே வெளிப்பக்கம் விரிசல் விடும்.

டைக்கு ஆர்டர் எழுதும்போது ஷீட்டின் ரகம், கனம், எந்தப் பக்கம் பொருள், எந்தப் பக்கம் கழிவு என்று எழுதுங்கள். கையோடு ஒரு துண்டு ஷீட்டையும் கொடுங்கள். இவற்றைக் கேட்காமல் "எவ்வளவு கெட்டியா வேணும்?" என்று மட்டும் கேட்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.