வீட்டுவசதித் திட்டங்களுக்கான வருமான வரம்பை உயர்த்தக் கோரி மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் நிர்வாகிகள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
வடசென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: நலிவுற்ற பிரிவினருக்கான வீட்டுவசதித் திட்டங்களில் 3 லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பைச் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 6 லட்சமாக உயர்த்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2015 ஜூன் மாதம் பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் தொடங்கியபோது, பொருளாதாரத்தில் நலிவுற்ற குடும்பம் என்பதற்கு ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். 2024 செப்டம்பரில் அத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தது. இடையில் சிமென்ட், கம்பி, மணல், கூலி எல்லாம் ஏறிவிட்டன. வரம்பு மட்டும் அதே 3 லட்சம்.

எங்கள் உறுப்பினர்கள் பெரும்பாலும் கட்டட வேலையும் வீட்டு வேலையும் செய்பவர்கள். நாளுக்கு 800 ரூபாய் கூலி வாங்கும் ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 26 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 2,49,600 ரூபாய். (மழைக்காலத்தில் வேலை கிடைக்காத நாட்களைக் கழிக்கவில்லை, வருமானச் சான்றுக்குக் கணக்குப் போடும்போதும் யாரும் கழிப்பதில்லை.) மனைவி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து மாதம் 6,000 ரூபாய் கொண்டுவந்தால் ஆண்டுக்கு 72,000. மொத்தம் 3,21,600. வரம்பைத் தாண்டியது 21,600 ரூபாய்தான், ஆனால் வீடு கிடையாது. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டால் குடும்பத்துக்குத் தகுதி வந்துவிடும்!

இதன் விளைவை எழுத எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது மனைவியின் சம்பாத்தியத்தைச் சொல்லாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. உள்ளதைச் சொன்னவர் வெளியே நிற்கிறார். மறைத்தவர் பட்டியலில் இருக்கிறார்.

3 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு வட்டி மானியம் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது, 9 லட்சம் வருமானம் வரை. ஆனால் அது வங்கிக் கடன் வாங்கியவருக்கு. சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இல்லாத கொத்தனாருக்கு எந்த வங்கி வீட்டுக்கடன் தரும்?

வேறு இடங்களில் அரசே என்ன கணக்கு வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டுகிறோம். 2019இல் கொண்டுவந்த 10 விழுக்காடு இடஒதுக்கீட்டில் அதே 'நலிவுற்ற பிரிவு' என்பதற்கு வரம்பு 8 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. வீட்டுக்கு மட்டும் இந்த நியாயம் எட்டவில்லை.

இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஒன்றிய அரசைக் கலந்து, உள்ளூர் நிலைமைக்கேற்ப வருமான வரம்பை மாநிலங்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று 2015 வழிகாட்டு நெறிமுறைகளே இடம் தந்தன. அப்படித்தான் மும்பை பெருநகரப் பகுதிக்கு 2023இல் வரம்பு 6 லட்சமானது. சென்னைக்கும் இதே கோரிக்கையை ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகத்துக்குத் தமிழ்நாடு அரசு அனுப்ப வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

ஒப்புதல் வரும்வரை, மாநில அரசின் சொந்த நிதியில் நடக்கும் ஒதுக்கீடுகளிலாவது குடும்பத்தில் இரண்டாவதாகச் சம்பாதிப்பவரின் கூலியில் பாதியை மட்டும் கணக்கில் எடுக்கலாம். சில ஆயிரம் ரூபாய் கூடியதற்காக விண்ணப்பத்தை அடியோடு தள்ளாமல், பயனாளி செலுத்த வேண்டிய பங்குத்தொகையைச் சற்று உயர்த்தி வீடு ஒதுக்கலாம். வரம்பை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கேற்பத் திருத்தவும் ஆணையிட வேண்டுகிறோம்.

வருமானம் கூடுதல் என்று திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் உறுப்பினர்களின் விண்ணப்ப நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம். அவற்றை நேரில் விளக்க எங்கள் நிர்வாகிகளுக்கு ஒரு நாள் நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்