படத்தில் பார்த்த கல்



பெண்களுக்கான வகுப்பு முடிந்ததும் அண்மைக் காலமாக அடிக்கடி வருகின்ற கேள்வி, கல் வைத்த நகையை ஒன்லைனில் வாங்கலாமா என்பது. "மௌலவி, கடையில சொல்ற விலையில பாதிதான். போட்டோவுல நல்ல வடிவா இருக்கு. எடுக்கலாமா?" என்கிறார்கள். எடுக்கலாம். எப்படி எடுப்பது என்பதில்தான் விசயம் இருக்கிறது.

ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நபி (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் இருந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு உண்டு. 1344இல் நம் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, இங்குள்ள பெண்கள் கழுத்திலும் கையிலும் காலிலும் நிறக்கற்களை அணிந்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார். அரபிகள் இத்தீவை மாணிக்கத் தீவு என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் வந்தது கற்களால் அல்ல, இங்குள்ள பெண்களின் முக அழகால் என்கிறார் வரலாற்றாசிரியர் பலாதுரி. (இந்த வரியை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள்.) நீலக்கல்லும் கெம்பும் எட்டாத விலை என்றாலும், மீட்டியாகொடையின் சந்திரகாந்தக்கல், கார்னட், செவ்வந்திக்கல் போன்றவை நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகின்றன. இராசிக்கும் அதிர்ஷ்டத்துக்கும் என்று சொல்லி விற்கிறவர்களை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

மருதமுனைச் சேலையை நாம் எப்படி எடுக்கிறோம்? விரலால் தடவி, வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எடுக்கிறோம். கல்லுக்கு அந்த வசதி ஒன்லைனில் இல்லை. ஒரே நீல நிறத்தில் மூன்று கற்கள் இருக்கலாம். ஒன்று மண்ணிலிருந்து எடுத்தபடியே நீலமானது. இன்னொன்று சூடேற்றி நிறம் வரவைத்தது. நம் நாட்டின் பால்நிறக் கெவுடக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிப்போய் இப்படித்தான் நீலமாக்கினார்கள். அதுவும் இயற்கைக் கல்தான், ஆனால் விலை வேறு. மூன்றாவது தொழிற்சாலையில் செய்தது. செயற்கைக் கெம்பு செய்யும் முறையைப் பிரான்சின் வெர்னுய் 1902இலேயே வெளியிட்டுவிட்டார், நீலமும் சில வருடங்களில் வந்துவிட்டது. போட்டோவில் இம்மூன்றும் அக்கா தங்கைபோல இருக்கும்.

நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கும் இமாம் நவவியின் மின்ஹாஜில் ஒரு சட்டம் உண்டு. முன்பணம் கொடுத்து, வர்ணனையை மட்டும் நம்பி வாங்கும் ஸலம் வியாபாரம், பெரிய முத்துக்களிலும் மாணிக்கங்களிலும் செல்லாது. வேண்டிய தன்மைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டால், அப்படியொரு கல் கிடைப்பதே அரிதாகிவிடும் என்பதே காரணம். பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய சட்டம், இன்றைய போன் திரைக்கும் பொருந்துகிறது பாருங்கள். காணாத பொருளை விற்பதும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி கூடாது. ஹனஃபி மத்ஹபில் கூடும், ஆனால் பொருளைக் கண்டபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

ஆகவே நான் சொல்லும் வழி இலேசானது. வியாபாரம் உங்கள் வாசலில் முடியட்டும். பொருளைக் கையில் வாங்கி, பார்த்து, பிறகு காசு கொடுங்கள். தங்கத்திலோ வெள்ளியிலோ பதித்த கல் என்றால் இது இன்னும் முக்கியம். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகடமி, காகிதப் பணத்துக்கும் தங்கம் வெள்ளியின் வட்டிச் சட்டங்கள் உண்டு என்று தீர்மானித்தது. எனவே இன்று வங்கியில் காசைப் போட்டு, ஐந்து நாள் கழித்து மோதிரத்தை வாங்குவது சரியல்ல. வெறும் கல்லில் இந்தச் சிக்கல் இல்லை. கல்லை வாங்கி நம்மூர்ப் பத்தரிடம் கொடுத்துப் பதித்துக்கொள்ளலாம்.

"காசு தந்தால்தான் பார்சலைப் பிரிக்கலாம் என்று கூரியர்காரர் சொல்றாரே" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ஓடர் கொடுக்குமுன் பேசிக்கொள்ள வேண்டும்: பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், திருப்பும் கூலி யாருடையது, கல் சூடேற்றியதா, எத்தனை கரட். (கல்லின் கரட் நிறை, ஒரு கரட் 200 மில்லிகிராம். தங்கத்தின் கரட் தூய்மை. இரண்டையும் குழப்பி விற்கிறவர்கள் உண்டு.) பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்குங்கள்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் கொழும்பு வியாபாரி ஒருவரிடம் நீலக்கல் மோதிரம் எடுத்தார். சூடேற்றிய கல் என்பதை அவர் முன்பே சொல்லிவிட்டார். பார்சல் வந்தபிறகே காசு கொடுத்தார். ஒரு கிழமையில் கல் ஆடத் தொடங்கியது. அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினார். வியாபாரி தன் செலவில் எடுப்பித்து, இறுக்கித் திருப்பி அனுப்பினார். "எவ்வளவு நல்ல மனிசன்!" என்று ஆசிரியை இன்றும் சொல்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் செய்தது தர்மமல்ல. குறையுள்ள பொருளைத் திருப்புவது வாங்கியவரின் உரிமை, ஷரீஅத் கொடுத்தது. முகம் சுளிக்காமல் செய்தாரே, அதுதான் அவருடைய குணம். ஆசிரியை ஒன்றைச் சரியாகச் செய்தார்: குறையைக் கண்ட அன்றே சொன்னார். குறை தெரிந்தபிறகும் ஒரு மாதம் போட்டுக்கொண்டு திரிந்தால் நம் மத்ஹபில் அந்த உரிமை போய்விடும்.

பெறுமதியான கல் என்றால் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கட்டணம் கொடுத்துப் பரிசோதிக்கலாம். இரத்தினக்கல் வியாபாரத்துக்கு அதன் அனுமதிப்பத்திரம் வேண்டும், இலக்கத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். வாப்பாவோ மாப்பிள்ளையோ ஏசுவார் என்று பயந்து எத்தனை பேர் வாய்மூடி இருக்கிறார்கள்!

நம் பகுதியில் வீட்டிலிருந்தே வட்ஸ்அப்பில் நகை விற்கும் சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். கீறல் விழுந்த பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

பழைய பவுணைக் கொடுத்துப் புதியதை மாற்றுவது பற்றிக் கேட்ட நிந்தவூர்ச் சகோதரிக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.