ரெய்ஸ் ராஜா

போக்கர் மேஜையில் ஒரு ரக ஆசாமி உண்டு. சீட்டைப் பார்த்தாரா இல்லையா என்றே தெரியாது. முறை வந்தால் 'ரெய்ஸ்!' நூறா, இருநூறு. இருநூறா, ஐந்நூறு. மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பத்து ஆட்டம் பொறுத்தால் நமக்கும் ரோஷம் வரும். 'நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?' என்று கையில் ஒன்றுமே இல்லாமல் பதில் ரெய்ஸ் கொடுப்போம். அவருக்கு வேண்டியதும் அதுதான். புளுகி விரட்டினால் ஓடுகிற ஆள் இல்லை அவர்.

ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். (பி.காம். படித்ததற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?) 52 சீட்டில் கைக்கு வரும் இரண்டு சீட்டு மொத்தம் 1,326 விதம். அதில் ஜோடி 78. அதாவது 17 ஆட்டத்துக்கு ஒரு தடவை. மனிதர் 17-லும் ரெய்ஸ் பண்ணுகிறார் என்றால் பெரும்பாலும் ரீல்தானே?

அடுத்து, கடைசிச் சுற்று. நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது, அவர் இன்னொரு 100 கட்டுகிறார். நீங்கள் 100 போட்டால் அந்த 200-ம் உங்களுக்கு வரலாம். மூன்றில் ஒரு தடவை புளுகைப் பிடித்தாலே கையைக் கடிக்காது. சாதுவிடம் கவிழ்க்க வேண்டிய நடுத்தரக் கையை வைத்துக்கொண்டே இவரிடம் 'காட்டுங்க ஸார்' எனலாம்.

நல்ல கை வந்தால்? பூனை மாதிரி இருங்கள். 1988-ல் லாஸ் வேகாஸ் உலகத் தொடரின் கடைசி ஆட்டம். ஜானி சான் கையில் ஜாக்கி, ஒன்பது. மேஜையில் விரித்த முதல் மூன்று சீட்டு ராணி, பத்து, எட்டு. ஐந்தும் வரிசை! ரம்மி ஆடுபவர்களுக்கு விளக்க வேண்டாம். ஆனால் மனிதர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசிச் சீட்டு வரை அதே சாது வேஷம். எரிக் சைடல் ராணி ஜோடியை நம்பி மொத்தச் சிப்ஸையும் தள்ளினார். சானுக்கு ஏழு லட்சம் டாலர். சைடல் ஒன்றும் ரெய்ஸ் ராஜா இல்லை. அவரே விழுந்தார் என்றால் நம்ம ஆள் எம்மாத்திரம்?

உட்காரும்போது அவருக்கு இடது பக்கம் பார்த்து உட்காருங்கள். முறை அவருக்கு முதலில் வரும். அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்யலாம்.

ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதற்கு 2025-லேயே மத்திய அரசு தடைச் சட்டம் போட்டாயிற்று. வீட்டில் தீக்குச்சி வைத்து ஆடுங்கள். இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள். 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை ராஜாவுக்கும் நிஜமாகவே இரண்டு ஏஸ் வந்து தொலைக்கும்.