நேரம் தவறுவது தலைவிதியா?

நம் நாட்டில் ஒரு மனிதன் பிரயாணம் புறப்படுவதென்றால் முதலில் பஞ்சாங்கத்தைக் கேட்பதும், பிறகு பல்லியைக் கேட்பதும், அதன்பின் வாசலில் பூனை குறுக்கே போகிறதா, கைம்பெண் எதிரே வருகிறாளா என்று எட்டிப் பார்ப்பதும் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பதை யாரும் மறுக்க முடியாது. இன்றும் தினசரிக் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் ராகுகாலம், எமகண்டம், சூலம், சூலத்திற்குப் பரிகாரம் ஆகியவை தவறாமல் அச்சாகிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தத் தாளின்படி திங்கட்கிழமை காலை 7-30 மணி முதல் 9 மணி வரை ராகுகாலம். அன்றைக்கே கிழக்கே சூலம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நமது பஞ்சாங்கப் பண்டிதர்கள் ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்கு ஆவடி ஸ்டேஷனுக்கு வந்து பார்க்கும்படி அழைக்கிறோம். நடு ராகுகாலத்தில், சூலம் நிற்கும் கிழக்குத் திசையை நோக்கி, படியில் தொங்கிக்கொண்டு சென்னைக்குப் போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று அவர்களே எண்ணிக்கொள்ளட்டும். மறுநாள் தாம்பரத்திற்கு வந்தால் வடக்குச் சூலத்தை நோக்கி அதே கூட்டத்தைக் காணலாம். பரிகாரமாகத் தயிர் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? நெற்றி நிறையப் பட்டை போட்டவர்கூட, "ராகு போகட்டும், 9 மணிக்குமேல் வண்டி ஏறுகிறேன்" என்று ஒதுங்கி நிற்கக் காணோம். ராகு என்ன செய்வான் என்பது அவருக்குத் தெரியாது. 9 மணிக்குமேல் போனால் மேஸ்திரி என்ன செய்வான் என்பது நன்றாய்த் தெரியும்.

நிற்க, பஞ்சாங்கத்தை வயிறு இவ்வளவு தூரம் ஜெயித்துவிட்டதைப்பற்றி நமக்குச் சந்தோஷமே. ஆனால் அதே ஸ்டேஷனில் 8-05க்கு வரவேண்டிய வண்டி 8-25க்கு வந்தால் அதே ஜனங்கள் சொல்லும் வார்த்தை என்ன? "எல்லாம் நம் தலையெழுத்து" என்பதுதான். மழையைப்போலவும் வெயிலைப்போலவும் வண்டி தாமதமும் ஆகாயத்திலிருந்து இறங்குகிற சங்கதி என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள். ராகுகாலத்தை நம்புவதைவிட இது மோசமான மூடநம்பிக்கை என்றே சொல்லுவோம். ஏனெனில் ராகுகாலத்தால் பிழைக்கிறவன் ஏதோ ஒரு ஜோசியன். இந்தத் தலையெழுத்தால் பிழைக்கிறவர்களோ, வண்டியை நேரத்திற்கு விடவேண்டிய பொறுப்பிலிருந்து சம்பளம் வாங்குகிற அத்தனை பேருமாவார்கள்.

இருபது நிமிஷந்தானே, இதற்கு ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். கூடுவாஞ்சேரியில் குடியிருந்து நகரத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு வழக்கமாக ஒரு மணி நேரப் பிரயாணம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அது ஒன்றரை மணி ஆகிறது. எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. அவர் வீட்டைவிட்டு எப்போது புறப்பட வேண்டும்? ஆறு நாளும் ஒன்றரை மணி நேரத்திற்கு முன்பே புறப்பட்டாக வேண்டும். ஒரு நாள் தாமதம் ஆறு நாளையும் தின்றுவிடுகிறது. வாரத்துக்கு 3 மணி, ஐம்பது வாரத்துக்கு 150 மணி. எட்டு மணி வேலை நாளாகப் பிரித்தால் ஏறக்குறைய 19 நாள். இது காலைப் பிரயாணத்துக்கு மட்டும். இந்த 19 நாளுக்கு எந்த முதலாளியும் கூலி கொடுப்பதில்லை, எந்தச் சர்க்காரும் ரசீது கொடுப்பதில்லை. இந்த அரைமணி யாருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். புருஷன் அரைமணி முன்னே புறப்பட வேண்டுமானால் அடுப்பு அரைமணி முன்னே எரிய வேண்டும். அவளும் வேலைக்குப் போகிறவளாயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏழை எதற்காக இவ்வளவு தூரத்தில் போய்க் குடியிருக்கிறான்? 1931இல் சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியார் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டார்கள். அப்போது மாம்பலத்துக்குத் தெற்கே பெரும்பாலும் வயலும் ஏரியுந்தான். ரயில் முதலில் வந்தது. ரயிலை நம்பி ஜனங்கள் பிறகு வந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி தர்மத்துக்காக ரயில் விடவில்லை. ஆனாலும் வரிசை சரியாயிருந்தது. பின்னால் வந்த நமது சர்க்கார்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று, கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நகரத்துக்கு வெளியே இறக்கினார்கள். மாடி வீடு கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் பாத்திரம் தேய்த்த வீடும், மூட்டை தூக்கிய மார்க்கெட்டும், மீன் விற்ற வீதியும் நகரத்திலேயே இருந்துவிட்டன. குடியேற்றிய காலத்தில் அங்கே ரயில் இல்லை, பஸ்தான் கதி.

அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே சேரி என்பது மனுதர்மக் காலத்து ஏற்பாடு. நகரத்துக்கு 20 கிலோமீட்டர் வெளியே சேரி என்பது இஞ்சினீயர்கள் படம் போட்டுச் செய்த ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒரே வித்தியாசம் ஒரு பஸ். அந்தப் பஸ்ஸும் நிச்சயமில்லை என்றால் வித்தியாசமும் இல்லையல்லவா? பஞ்சமருக்கு இடமில்லை என்று பஸ் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்த காலமும் இந்த நாட்டில் உண்டு. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று உத்திரவு போட்டார். 1929இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரேதான். அந்தச் செங்கற்பட்டு வரையில் இன்று மின்சார வண்டி ஓடுகிறது. ஏறும் உரிமையை அவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். ஏறுவதற்கு வண்டி வரவேண்டுமே!

2021ஆம் வருஷம் மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் காசில்லாப் பிரயாணம் கொடுத்ததை நாம் மனதார வரவேற்கிறோம். புருஷனிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டு நிற்கவேண்டிய அவமானத்திலிருந்து எத்தனையோ பெண்களை அது விடுவித்தது. ஆனால் அந்தப் பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் முக்கால் மணி நின்றுவிட்டு, நேரமாகிவிட்டதென்று ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறவளுக்கு அந்த இனாம் எதற்கு உதவும்?

"பஸ் வந்தால் மூன்றாய் வரும், வராவிட்டால் ஒன்றும் வராது" என்பது சென்னையில் பழமொழியைப்போல் வழங்குகிறது. இதுவும் சனியன் வேலையல்ல. முதல் பஸ் ஏதோ நெரிசலில் ஐந்து நிமிஷம் பிந்துகிறது. பிந்தியதால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கூட்டம் ஏறி இறங்க நேரமாவதால் மேலும் பிந்துகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளில்லை. அது வேகமாய் வந்து முன்னதன் முதுகைத் தொட்டுவிடுகிறது. மூன்றாவதும் அப்படியே. மணிக்கு மூன்று பஸ் சரியான இடைவெளியில் வந்தால் ஒருவன் சராசரி 10 நிமிஷம் காத்திருப்பான். அதே மூன்றும் சேர்ந்து வந்தால் சராசரி 30 நிமிஷம் காத்திருப்பான். டிப்போ கணக்குப் புஸ்தகத்தில் இரண்டுக்கும் "மணிக்கு மூன்று பஸ்" என்றேதான் எழுதியிருக்கும். அதைக் காட்டி, குறையே இல்லை என்பார்கள். கணக்கிலும் பொய் இல்லை, ஜனங்கள் முறையிடுவதிலும் பொய் இல்லை.

இதற்கு மருந்தும் தெரிந்ததே. முனையிலும் வழியிலும் டைம் கீப்பர் ஒருவர் முந்திவரும் வண்டியை இரண்டு நிமிஷம் நிறுத்தி அனுப்பலாம். பெரிய சாலைகளில் பஸ்ஸுக்கென்று ஒரு வழியை ஒதுக்கலாம். சாலையில் இடமில்லை என்பார்கள். பங்குனித் திருவிழாவுக்கு மயிலாப்பூரில் சுவாமி புறப்பட்டால் பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போக இடம் கிடைக்கிறது. மந்திரிகளின் கார் வரிசைக்கு இடம் கிடைக்கிறது. எண்பது பேரை ஏற்றிய பஸ்ஸுக்குத்தான் இடமில்லையாம்! ஆயுத பூஜையன்று பஸ்ஸுக்குச் சந்தனம் பூசிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற டிப்போக்களில், அந்தச் செலவுக்கு நாலு போல்ட்டு வாங்கிப் போட்டிருந்தாலும் வழியில் நின்றுபோகும் வண்டி ஒன்றாவது குறைந்திருக்கும்.

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் 1982 முதல் நாடு முழுவதும் ரயில்கள் மணிக்கு மணி அதே நிமிஷத்தில் புறப்படும்படி அட்டவணை போட்டார்கள். நாலு திக்கிலிருந்தும் வண்டிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஜங்ஷனுக்கு வந்து, ஆட்கள் மாறி ஏறியதும் புறப்படுகின்றன. அதை விஸ்தரிக்கும் திட்டத்தை 1987இல் ஜனங்களே வோட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஜப்பானில் வண்டி பிந்தினால் ரயில்வேக்காரர்களே தாமதச் சீட்டு ஒன்று கொடுக்கிறார்கள். தொழிலாளி அதை ஆபீசில் நீட்டினால், பிசகு தன்னுடையதல்ல என்று ஆகிவிடுகிறது. அந்தத் தேசங்களுக்கு ராகு எட்டிப் பார்ப்பதில்லை போலும்.

இங்கே என்ன இடைஞ்சல் என்றால், ரயில் மத்திய சர்க்காருடையது, பஸ் மாநில சர்க்காருடையது, மெட்ரோ இருவரும் கூட்டுச் சேர்ந்த கம்பெனியுடையது. மூன்றையும் ஒன்றாய் யோசிக்க ஓர் அதிகார சபை வேண்டுமென்று 2010இல் சட்டம் செய்தார்கள். அந்தச் சபையின் முதல் கூட்டம் 2022இல் கூடிற்று. பன்னிரண்டு வருஷம்! வனவாசம் போனவன் திரும்பியிருப்பான். 2025இல் மூன்று வண்டிக்கும் சேர்த்துக் கைப்போனில் ஒரே சீட்டு வந்தது, நல்ல காரியமே. ஆனால் ரயிலைவிட்டு இறங்கினவனுக்குப் பஸ் காத்திருக்கும்படி அட்டவணையை இணைப்பதல்லவா முதற்காரியம்? 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். திறந்த அன்று பக்கத்தில் ஓடுகிற ரயில் நிற்பதற்கு அங்கே ஸ்டேஷன் இல்லை. கண்ணெதிரே ரயில் போயிற்று, ஏற முடியவில்லை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலாவது தண்டவாளம் போடுவதற்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி கடற்கரைக்கு வண்டி போனது 2024 அக்டோபர் கடைசியில், பதினாலு மாதம். வேலை அவசியமானதுதான், அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஏழு என்று சொல்லிப் பதினாலு ஆனால், அந்த ஏழை நம்பி வீடு மாற்றாமல் இருந்தவனுக்கும், பிள்ளையைப் பள்ளி மாற்றாமல் இருந்தவனுக்கும் யார் பதில் சொன்னார்கள்?

2025 ஏப்ரலில் செங்கற்பட்டு மார்க்கத்தில் குளிர்சாதன வண்டி விட்டுக் குறைந்த கட்டணம் 35 ரூபாய் என்று வைத்தார்கள். அதே தடத்தில் சாதாரண வண்டிக்குக் குறைந்த கட்டணம் 5 ரூபாய். பணமுள்ளவன் குளிரில் போவதைப்பற்றி நமக்குப் பொறாமை இல்லை. 5 ரூபாய் வண்டி நேரத்துக்கு வரட்டும் என்பதுதான் நாம் கேட்பது.

நாம் கேட்பது பெரிய காரியமும் அல்ல. எந்தத் தடத்தில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதிப் போடட்டும். அதன்படி எத்தனை வண்டி வந்தது, எத்தனை வரவில்லை என்பதை மாதாமாதம் விளம்பரப்படுத்தட்டும். ராத்திரிக் கடைசி ரயிலுக்குக் கடைசிப் பஸ்ஸை இணைத்து விடட்டும். பிந்திய நாளுக்குச் சீட்டு கொடுக்கட்டும். அந்தச் சீட்டைக் காட்டியவனின் கூலியைப் பிடிக்கக்கூடாது என்று முதலாளிகளுக்கும் உத்திரவு போடட்டும்.

அதுவரை பிரயாணிகளும் சும்மாயிருக்க வேண்டியதில்லை. ஒரே வழியை நம்பியிருப்பவர்கள் இரண்டாவது வழி ஒன்றையும் ஒரு நாள் போய்ப் பார்த்து வைத்துக்கொள்வது நலம். ஒரு சின்ன நோட்டுப் புஸ்தகத்தில், வண்டி வரவேண்டிய நேரம், வந்த நேரம் இரண்டையும் ஒரு மாதம் எழுதி வாருங்கள். பத்துப் பேர் ஒரே ஸ்டேஷனில் இப்படி எழுதினால், "எப்போதாவது ஒரு நாள் பிந்துகிறது" என்று சொல்லும் அதிகாரி அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். தேதி, ஸ்டேஷன் அல்லது நிறுத்தம், வண்டி எண், இரண்டு நேரங்கள் ஆகியவற்றை மட்டும் எழுதி நமது ஆபீசுக்கு அனுப்பினால் போதும், பெயர் வேண்டியதில்லை. வருகிற கணக்குகளை வாரந்தோறும் இதே பக்கத்தில், சாதாரணமாய்ப் பத்திரிகைகள் ராசிபலன் போடுகிற இடத்தில், வெளியிடுகிறோம்.